வொரி, ஆங்சைட்டி, நெர்வஸ்: லித்துவேனியத்தில் எதற்கு எந்தச் சொல்? (கேள்வி பதில்)

இந்த முறை கவலை, பதற்றம், பயம் சம்பந்தப்பட்ட சொற்களை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலம் வழியாக லித்துவேனியம் படிக்கும் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் ஒலியில் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘ரூபெஸ்திஸ்’ என்பதில் உள்ள ப, ‘அப்பா’வில் வரும் வல்லினம். ‘யௌதின்திஸ்’ என்பதில் முதல் த ‘பாதி’யில் வருவது, இரண்டாவது த ‘பத்து’வில் வருவது.

கௌனாஸ் (இதுவும் கீழே வரும் வில்னியுஸ், ஷௌலியை, கிளைப்பேடா, பனெவெஜீஸும் லித்துவேனிய நகரங்கள்), மருத்துவ மாணவி: அக்கா, அகராதியில் வொரி என்று தேடினால் நெரிமௌதி, ரூபின்திஸ், யௌதின்திஸ் என்று மூன்று வருகின்றன. எதைப் போட்டாலும் சரியா?

சரியில்லை. மூன்றும் மூன்று வேலை செய்கின்றன.

நெரிமௌதி என்றால் மனம் அமைதியில்லாமல் இருப்பது. அதன் பெயர்ச்சொல் நெரிமஸ். ‘நெ’ என்பது ‘இல்லை’, ‘ரிம்’ என்பது அடங்குதல், அமைதியாதல். ரமுஸ் என்றால் அமைதியானவர், ரமீபே என்றால் அமைதி. வீட்டிலிருந்து ஃபோன் வரவில்லை, என்ன ஆச்சோ என்று அடித்துக்கொள்கிறதே, அது நெரிமஸ். மருத்துவத்தில் ஆங்சைட்டிக்கும் இதே சொல்தான். ஆங்சைட்டி டிஸார்டரை ‘நெரிமொ சுத்ரிகிமஸ்’ என்பார்கள்.

ரூபின்திஸ் என்றால் பார்த்துக்கொள்வது, அக்கறை எடுத்துச் செய்வது. அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பது, குழந்தையைப் பள்ளியில் விடுவது, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் இதில் அடங்கும். இதன் பெயர்ச்சொல் ரூபெஸ்திஸ் மட்டும் கவலைப் பக்கம் சாயும்: தலைக்கு மேல் நிற்கும் பொறுப்பு, தீர்க்க வேண்டிய பிரச்சினை.

யௌதின்திஸ் என்றால் உள்ளுக்குள் ஒரு கிளர்ச்சி. பரீட்சைக்கு முன் வயிறு கலங்குவதும் இதுதான், கல்யாண மேடையில் பேச எழுந்ததும் நெஞ்சு படபடப்பதும் இதுதான். நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும்.

இப்போது வேற்றுமையைப் பாருங்கள், ஏனென்றால் பொருள் அங்கேதான் மாறுகிறது. ‘நெரிமௌயு தேல் மமோஸ்’ என்றால் அம்மாவை நினைத்துக் கவலைப்படுகிறேன். தேல் என்பதற்குப் பின் ஆறாம் வேற்றுமை. ‘ரூபினுவொசி மமா’ என்றால் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே பெயர் கருவி வேற்றுமையில் நிற்கிறது. நோயாளியின் மகள் இரண்டாவதைச் சொன்னால், வீட்டில் கவனிக்க ஆள் இருக்கிறது என்று வார்டில் நீங்கள் குறித்துக்கொள்ளலாம். முதலாவதைச் சொன்னால் அப்படிக் குறிக்கவே கூடாது.

அதனால்தான் எல்லாரிடமும் மன்றாடிக் கேட்கிறேன்: வினைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அது எந்த வேற்றுமையைக் கேட்கிறதோ அதையும் சேர்த்தே படியுங்கள்.

வில்னியுஸ், ஐடி ஊழியர்: ‘டோன்ட் வொரி’க்கு என்ன சொல்வது?

நண்பரிடம் ‘நெசியௌதிங்க்’. பெரியவரிடமோ பலரிடமோ ‘நெசியௌதிங்கிதெ’. ‘நான் பார்த்துக்கொள்கிறேன், அதை விடுங்கள்’ என்ற தொனி வேண்டுமானால் ‘நெசிரூபிங்க்’.

ஒன்றைக் கவனியுங்கள். ‘யௌதினுவொசி’ (எனக்குப் படபடப்பாக இருக்கிறது) என்று சொல்லும்போது ‘சி’ கடைசியில் இருந்தது. ‘நெ’ முன்னால் வந்ததும் அந்த ‘சி’ ஓடிவந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது: நெ-சி-யௌதினு. தன்வினையைக் காட்டும் இந்த ‘சி’, முன்னொட்டு எது வந்தாலும் இப்படித்தான் இடம் மாறும். ‘நெயௌதினுவொசி’ என்று ஒருவர் சொன்னால், அவர் நேற்றுத்தான் படிக்க ஆரம்பித்தவர் என்று எந்த லித்துவேனியருக்கும் தெரிந்துவிடும்.

லாரி ஓட்டுநர்: நான் தாமதமாகப் போனபோது டிஸ்பாட்சருக்கு ‘நெசிநெர்விங்க்’ என்று செய்தி போட்டேன். அவர் பதிலே போடவில்லை. தப்பா அக்கா?

தப்பான சொல் இல்லை தம்பி, தப்பான இடம். ‘டென்ஷன் ஆகாதே’ என்பது போல அது ஒலிக்கும். தாமதம் நம் பக்கம் என்றால் முதலில் ‘அத்ஸிப்ரஷௌ’ என்று மன்னிப்புக் கேட்டு, எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்று எழுதுங்கள். அது போதும்.

கௌனாஸ், மருத்துவ மாணவர்: ஆங்சைட்டியை அளக்கும் ஜிஏடி-7 வினாத்தாளின் கேள்விகளை நாங்களே லித்துவேனியத்தில் மொழிபெயர்த்து நோயாளிகளிடம் கேட்டால் என்ன?

வேண்டாம். இதில் நான் கறாராகவே இருப்பேன். 2006-ல் வெளிவந்த அந்த வினாத்தாளில் 7 கேள்விகள், 0 முதல் 21 வரை மதிப்பெண். முதல் கேள்வி நெர்வஸ், ஆங்ஷஸ், ஆன் எட்ஜ் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறது. அடுத்த இரண்டும் வொரி பற்றியவை: கவலையை நிறுத்த முடியவில்லையா, பல விஷயங்களைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறீர்களா என்று. உளவியலில் வொரி என்பது மனத்தில் திரும்பத் திரும்ப ஓடும் எண்ணம். ஆங்சைட்டி என்பது உடம்பையும் சேர்த்துப் பிடிக்கும் நிலை. அந்த வொரிக்கு நீங்கள் ரூபின்திஸ் போட்டுவிட்டால், ‘நீங்கள் எல்லாவற்றையும் அக்கறையாகப் பார்த்துக்கொள்வீர்களா’ என்று கேட்டதாக ஆகிவிடும். நல்ல அம்மாக்கள் எல்லாரும் ஆமாம் என்பார்கள், மதிப்பெண் ஏறும். ஆய்ந்து ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பை உங்கள் துறையில் கேட்டு வாங்குங்கள்.

ஷௌலியை: ‘ஐயாம் ஆங்ஷஸ் டு மீட் யூ’ என்பதை நெரிமௌயு என்று எழுதலாமா?

கூடாது. ஆவலோடு காத்திருக்கிறேன் என்பது ‘நெகன்த்ரெய் லௌக்யு’. அதேபோல ‘ஐயாம் அஃப்ரெய்ட்’ என்று ஆங்கிலத்தில் மரியாதைக்குச் சொல்வதை ‘பியௌ’ என்று எழுதாதீர்கள். அங்கே ‘தெயா’, அதாவது ‘வருத்தத்துக்குரிய விஷயம்’ என்ற சொல்தான் பொருந்தும். பியௌ என்றால் உண்மையிலேயே பயப்படுகிறீர்கள். நாய்க்குப் பயம் என்றால் ‘பியௌ ஷுன்ஸ்’. இதிலும் ஆறாம் வேற்றுமை.

புதிதாகச் சேர்ந்தவர்: வொரி என்றால் ரூபின்திஸ் தானே?

இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை: அம்மா, பயத்துக்கு அங்கே ‘பைமே’ என்கிறார்கள். அமைதிக்கு ‘ரமுஸ்’. நம் ‘பயம்’, ‘ரம்மியம்’ இரண்டும் அப்படியே இருக்கின்றன. லித்துவேனியம் சமஸ்கிருதத்தின் மகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐயா, உறவு உண்மைதான். பைமே, பியோதி இரண்டும் சமஸ்கிருத ‘பய’வோடு ஒரே வேரில் வந்தவை. ரமுஸ், ரிம்தி இரண்டும் ‘ரமதே’யோடு சேர்ந்தவை. யௌதின்திஸ்கூட அசைதலைக் குறிக்கும் லித்துவேனிய ‘யுதேதி’க்குச் சொந்தம், அந்த யுதேதிக்கு நம் ஊர் ‘யுத்தம்’ தூரத்து உறவு. ஆனால் மகள் இல்லை, சகோதரி.

எப்படித் தெரியும்? நான்கு என்ற எண்ணைப் பாருங்கள். லித்துவேனியத்தில் ‘கெதுரி’, சமஸ்கிருதத்தில் ‘சதுர்’. ஆதியில் இருந்தது க, அதற்குப் பின் எ. அந்த எ-தான் முன்னால் நின்ற க-வைச் ச ஆக்கியது. பிறகு சமஸ்கிருதத்தில் எ-வே அ ஆகிவிட்டது. இந்த மாற்றம் நமக்குப் புதிதில்லை. கன்னடத்தில் காது ‘கிவி’, தமிழில் அது ‘செவி’. க ச ஆகும். ச எப்போது பழையபடி க ஆக வேண்டும், அ எப்போது எ ஆக வேண்டும் என்று சமஸ்கிருதத்திலிருந்து பிறந்த மொழிக்கு எப்படித் தெரியும்? ஏழுக்கு ‘செப்தீனி’, அங்கே ‘சப்த’. பத்துக்கு ‘தெஷிம்த்’, அங்கே ‘தச’. ஒவ்வொரு முறையும் லித்துவேனியத்தில்தான் பழைய எ இருக்கிறது.

வேறொருவர்: அப்படியானால் லித்துவேனியம்தான் தாய், சமஸ்கிருதம் மகள் என்று சொல்லிவிடலாமே?

அதுவும் நடக்காது. சமஸ்கிருத ‘பய’வில் வரும் ப, மூச்சோடு சேர்ந்து வரும் ப. லித்துவேனியத்தில் மூச்சுள்ளதும் இல்லாததும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கலந்ததைச் சமஸ்கிருதம் எப்படி மறுபடி பிரித்திருக்கும்? ஆளுக்கு ஒன்றைக் காப்பாற்றி, ஆளுக்கு ஒன்றை இழந்திருக்கிறார்கள். அதனால்தான் சகோதரிகள் என்கிறேன்.

இன்னொருவர்: பயம் தமிழ்ச்சொல். அப்படியென்றால் பைமே தமிழிலிருந்து போனதுதானே?

பயம் சமஸ்கிருதத்திலிருந்து நாம் வாங்கிக்கொண்ட சொல். நம்முடையது அச்சம். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் இருப்பது அச்சம்தான். தமிழுக்குப் பெருமை சேர்க்க இரவல் சொல்லைச் சொந்தம் என்று காட்ட வேண்டியதில்லை. தமிழ் திராவிடக் குடும்பம், லித்துவேனியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளை. இன்று அந்தக் கிளையில் பேச்சில் உயிரோடு இருப்பவை லித்துவேனியமும் லாட்விய மொழியும்தான். 1864 முதல் 1904 வரை, இந்த மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிட ரஷ்யப் பேரரசு தடை போட்டிருந்தது. அந்தக் காலத்தில் எல்லை தாண்டிப் புத்தகம் சுமந்து வந்து மொழியைக் காப்பாற்றியவர்கள் சாதாரண மக்கள். அதை யாருடைய மகளாகவும் ஆக்காமல், அதன் சொந்த வரலாற்றோடு படிப்போம்.

மேலே கேட்ட அதே ஆசிரியர்: ஆனாலும் ஒலி ஒற்றுமை...

ஐயா, இதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. இனி இன்றைய சொற்களுக்குத் திரும்புகிறேன்.

கலை வரலாறு படிப்பவர்: ‘ரூபின்தொயேலிஸ்’ சிற்பத்தில் இயேசுவின் முகம் கவலையாகத்தானே இருக்கிறது? அப்புறம் எப்படி ரூபின்திஸ் கவலை இல்லை என்கிறீர்கள்?

நல்ல கேள்வி. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முள்முடி சூட்டிய இயேசு உட்கார்ந்திருக்கிறார். முழங்கை முழங்காலில் ஊன்றியிருக்கிறது, கன்னம் உள்ளங்கையில் சாய்ந்திருக்கிறது. கிராமத்துத் தச்சர்கள் மரத்தில் செதுக்கி, சாலையோரத்தில் கம்பத்தின் மேல் சின்னக் கூரை போட்டு வைப்பார்கள். இப்படிச் செதுக்குபவர்களுக்கு ‘தியெவ்திர்பிஸ்’ என்று பெயர், கடவுளைச் செய்பவர். லித்துவேனியாவின் இந்தச் சிலுவைக் கலையை யுனெஸ்கோ 2001-ல் மனிதகுலத்தின் அரும்பெரும் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது.

பெயரைப் பிரியுங்கள். ரூபின்தொயஸ் என்றால் பிறரைப் பார்த்துக்கொள்பவர். ‘ஏலிஸ்’ என்பது செல்லமாகக் கூப்பிடச் சேர்க்கும் ஒட்டு. தனக்காகப் பதறி உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள். அவர் முகத்தில் இருப்பது உலகத்தின் பாரத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்ட சோர்வு. ரூபெஸ்திஸ் ஏன் கவலைப் பக்கம் சாய்கிறது என்பதற்கும் இதுதான் காரணம்: ஒருவர்மேல் அக்கறை வைத்தால் பாரமும் கூடவே வரும்.

சட்டத்திலும் இதே வேர் இருக்கிறது. பெற்றோர் கவனிப்பை இழந்த பிள்ளைக்கு 14 வயது ஆகும்வரை ‘குளோபா’, அதன்பின் ‘ரூபீபா’ என்று காப்பாளர் ஏற்பாட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கிளைப்பேடா: ஆங்சைட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு லித்துவேனியத்தில் சொந்தமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் கவலைப் பக்கம் இல்லை. ஆங்சைட்டி லத்தீனில் ‘நெரித்தல்’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. அதன் உறவுக்காரர் லித்துவேனியத்தில் ‘அங்க்ஷ்தஸ்’, குறுகலானது. செருப்புக் கடையில் காலைக் கடிக்கும் ஜோடியைக் காட்டி ‘அங்க்ஷ்தி பதை’ (இறுக்கமான செருப்பு) என்று சொல்லிப் பாருங்கள், உடனே பெரிய அளவு எடுத்துவருவார்கள். வொரியும் பழைய ஆங்கிலத்தில் கழுத்தை நெரிப்பதுதான்.

புதியவர்: ரூபின்திஸ் என்பது வொரி என்று என் செயலி காட்டுகிறதே?

செயலி ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் காட்டும். வேற்றுமையோடு படியுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: அக்கா, எனக்கே ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. குளிர்காலம் வந்ததிலிருந்து காரணமே இல்லாமல் பதறுகிறது. டாக்டரிடம் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்?

நீங்கள் எழுதியது நல்லது. உங்கள் ‘ஷெய்மோஸ் கீதிதொயஸ்’, அதாவது குடும்ப மருத்துவரிடம் இந்த வாரமே நேரம் வாங்குங்கள். ‘யௌச்சு நுவொலதினீ நெரிமா, நெகலியு மியெகோதி’ என்று சொல்லுங்கள்: எப்போதும் பதற்றமாக இருக்கிறது, தூங்க முடியவில்லை. வாய் வரவில்லை என்றால் தாளில் எழுதிக் காட்டுங்கள், அல்லது ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள். எந்தச் சொல் சரி என்று தேடி நாளைக் கடத்த வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் உடனே 112. ஊரில் நம்பிக்கையான ஒருவரிடமும் இன்றே பேசிவிடுங்கள்.

வில்னியுஸ்: யாராவது ‘ஸாரி’ சொன்னால் ‘நோ வொரீஸ்’ என்று எப்படிச் சொல்வது?

நியெகொ தொக்யொ.

பனெவெஜீஸ்: நெரிமஸ் போன்ற சொற்களில் அழுத்தம் எந்த அசையில் விழும்? எல்லாவற்றுக்கும் பட்டியல் தர முடியுமா?

பட்டியல் தர மாட்டேன், ஏனென்றால் வேற்றுமை மாறும்போது பல சொற்களில் அழுத்தமும் இடம் மாறும். 1941 முதல் 2002 வரை 20 தொகுதிகளாக வந்த பெரிய லித்துவேனிய அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தலைச்சொல்லின் மேலேயே அழுத்தக்குறி போட்டிருப்பார்கள், ஊர்ப்புறப் பேச்சிலிருந்து எடுத்த வாக்கியங்களும் இருக்கும். ரூபெஸ்திஸில் தொடங்குங்கள்.