பென் டிரைவில் பதிவு இருக்கிறது, போனில் ஒலிக்கவில்லை

இசைக் கீபோர்டில் வாசித்துப் பென் டிரைவில் பதிந்த பாட்டு போனில் ஒலிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் ஆடியோ இல்லை, மிடி. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தி வாசித்தீர்கள் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். அதனால்தான் கீபோர்டில் நன்றாகக் கேட்கும் பாட்டு போனில் ஊமையாகிவிடுகிறது.

ரெக்கார்ட் பட்டனை ஒருமுறை தட்டிவிட்டு வாசித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சில மாடல்களில் தட்டினால் மிடி, ஓரிரு விநாடி அழுத்திப் பிடித்தால் ஆடியோ. வேறு சிலவற்றில் மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபைல் அளவைப் பாருங்கள். மூன்று நிமிட வாசிப்பு சில கிலோபைட் என்றால் மிடிதான். வேவ் (WAV) என்ற சுருக்கப்படாத ஆடியோவாக இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட், மொத்தம் 30 வரும்.

வாசித்தது வீணாகவில்லை, அழித்துவிடாதீர்கள். அந்த மிடியைக் கீபோர்டிலேயே ஓடவிட்டு, அதை ஆடியோவாகப் பதிய முடிகிறதா என்று பாருங்கள். எல்லா மாடலிலும் இது நடக்காது. நடக்காவிட்டால், ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஆடியோ உள்ளீட்டுக்கு ஒயர் போட்டுப் பதியலாம். ஒலியைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள், ஒலி கரகரத்து உடைந்து பதிவானால் பிறகு சரிசெய்ய முடியாது.

அப்புறம் ஒன்று: கீபோர்டு 'ஃபார்மட்' கேட்டால் உடனே சம்மதிக்காதீர்கள். பென் டிரைவில் உள்ள எல்லாமே போய்விடும்.