மீசையில் மண் ஒட்டினால் தோல்வியா?

கேள்வி: 'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்று தோற்றவனைக் கேலி செய்கிறோம். 'வாழ்க்கையே ஒரு மல்யுத்தம்' என்று மேடைக்கு மேடை முழங்கவும் செய்கிறார்கள். உண்மையில் மல்யுத்தம் விளையாட்டா, போராட்டமா?
(வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: முதலில் அந்த மீசைக்காரனுக்காகக் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன், பாவம், அவனுக்கு யாருமே இல்லை. மல்யுத்தத்தில் இரண்டு தோளும் ஒன்றாகத் தரையில் அமுங்கினால்தான் ஆள் விழுந்த கணக்கு. குப்புறக் கிடப்பவனுக்கு மீசை, மூக்கு, பல்லிடுக்கு எல்லாம் மண்ணாக இருந்தாலும் தோள் இரண்டும் வானம் பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றன! தள்ளியவனுக்கு இரண்டு புள்ளி போகும், ஆட்டம் தொடரும். அவன் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவே தேவையில்லை.

சரி, விளையாட்டா போராட்டமா? புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருதுகிறான். ஒரு கால் மல்லனின் மார்பில் மடிந்து ஊன்றியிருக்கிறது, மற்றக் கால் அவன் செய்யும் தந்திரத்தைத் தடுத்து முதுகை வளைக்கிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதைப் போலத் தலையும் காலும் முறிய மோதினான் என்கிறார் சாத்தந்தையார் (அம்பாறை வாசகர்களுக்கு அந்த யானையை நான் விளக்கத் தேவையில்லை). ஆனால் புலவர் அதோடு விடவில்லை. மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இதைத் தித்தன் பார்க்க வேண்டும் என்கிறார். தித்தன் வேறு யாருமில்லை, கிள்ளியைப் பெற்ற தகப்பன், இருவருக்கும் ஆகாது. மண்ணில் கிடப்பவன் ஆமூர் மல்லன், மல்லுக்கட்டு நடப்பதோ வீட்டுக்குள்ளே! உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

மேடைப் பேச்சுக்கு வருவோம். அதில் எனக்கு உடன்பாடே கிடையாது. மல்யுத்தத்தில் மூன்று நிமிடம், அரை நிமிட ஓய்வு, பிறகு இன்னொரு மூன்று நிமிடம், அவ்வளவுதான். எதிராளி உங்கள் நிறைப் பிரிவுக்காரர். 2024இல் பாரிஸில் 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டி வரை வந்த இந்திய வீராங்கனை வினேஷ் போகத்தை அன்று காலை 100 கிராம் கூடிவிட்டது என்று வெளியே அனுப்பினார்கள், அந்தளவுக்குச் சமன் பார்க்கிற விளையாட்டு அது. நம் கண்ணகி கோயிலில் இரண்டு கொம்புகளைக் கோத்து இழுக்கும் கொம்புமுறி விளையாட்டிலும் வடசேரி தென்சேரி என்று ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று இழுத்தாலும், ஒரு கொம்பு முறிந்ததும் கதை முடிந்தது. வென்ற சேரி வசை பாடும், தோற்ற சேரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரவெல்லாம் பரணில் இருந்து யானை விரட்டும் வேளாண்மைக்காரர் எந்த நிறைப் பிரிவு? யார் அவருக்கு விசில் ஊதுவது?

நானே ஒரு காணிப் பத்திரத்துக்காக ஒரு காரியாலயத்துக்கு ஏழு தரம் நடந்திருக்கிறேன். மேசைக்கு அங்கால் இருந்தவர் ஒவ்வொரு தரமும் என் கோப்பைத் தன் பக்கம் இழுப்பார், சிவப்பு நாடாவின் முடிச்சைப் பெருவிரலால் ஒருக்காத் தடவிப் பார்ப்பார், அவிழ்க்க மாட்டார், "மறுகா வாங்க" என்பார். மல்யுத்தத்தில் இப்படிப் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தால் நடுவர் முதலில் எச்சரிப்பார், அப்புறமும் திருந்தாவிட்டால் புள்ளியை எதிராளிக்குக் கொடுத்துவிடுவார். ஏழு தரத்துக்கும் எனக்கு எத்தனை புள்ளி வந்திருக்க வேண்டும், நீங்களே கணக்குப் பாருங்கள்.

எண்ணெய் பூசிய பேரனைக் கிணற்றடிக்கு இழுக்கும் அம்மம்மா "உன்னோட மல்லுக்கட்ட ஏலாது" என்கிறாரே, அவருக்கு அந்தச் சொல்லில் முழு உரிமை உண்டு. கையில் வழுக்கும் ஒரு உடம்பு இருக்கிறது. மேடைக்காரரை அடுத்த முறை கண்டால், ஐயா நீங்கள் எத்தனை கிலோ பிரிவு என்று மட்டும் கேட்டு எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.