இன்ட் போதுமா, லாங் வேண்டுமா?

கேள்வி: அக்கா, வயது, மதிப்பெண் எல்லாவற்றுக்கும் இன்ட் போட்டுவிடுகிறேன். தப்பா?

பதில்: தப்பே இல்லை தம்பி. இன்ட் என்பது முழு எண்ணை வைக்கும் 32 பிட், அதாவது 4 பைட் டைப். வயது 8 பிட்டிலேயே, அதாவது 0 முதல் 255-க்குள், தாராளமாக அடங்கும். ஆனால் ஒற்றை வேரியபிளில் 3 பைட் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு கோடி வரிசை உள்ள டேபிள் என்றால் அதுவே 3 கோடி பைட். அங்கே கணக்குப் பாருங்கள்.

கேள்வி: மேடம், ஜாவாவில் இரண்டு இன்ட், இரண்டிலும் 1,00,000. பெருக்கி லாங்கில்தான் வைத்தேன். 1,41,00,65,408 வருகிறதே!

பதில்: இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. விடையை வைக்கும் இடம்தான் லாங், அதாவது 64 பிட் முழு எண். பெருக்கல் நடப்பது இரண்டு இன்ட்டுக்கு இடையே, 32 பிட்டில். அதன் உச்சம் 2,14,74,83,647. உங்கள் விடையோ ஆயிரம் கோடி. அதிலிருந்து 2-இன் 32-ஆம் அடுக்கான 4,29,49,67,296-ஐ இரண்டு முறை கழித்துப் பாருங்கள், திரையில் வந்த அதே எண் கிடைக்கும். பெருக்கும் முன்பே ஒன்றை லாங்காக மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.

டைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசி விடையை மட்டும் பார்க்காதீர்கள், நடுவில் எவ்வளவு பெரிய எண் வந்து போகும் என்றும் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். பைனரி சர்ச்சில் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) நடுப்புள்ளிக்காக இரு முனைகளையும் கூட்டி 2-ஆல் வகுப்போமே, எண்கள் பெரிதானால் அந்தக் கூட்டலும் இன்ட்டின் உச்சத்தைத் தாண்டி வழிந்துவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் கிடந்து, 2006-ல்தான் பரவலாகத் தெரியவந்தது. வித்தியாசத்தில் பாதியைக் கீழ்முனையோடு கூட்டினால் வழியாது.

கேள்வி: மைனஸ் வரவே வராது என்றால் அன்சைன்ட் (மைனஸ் எண்ணே இல்லாத டைப்) போடலாமா?

பதில்: சி மொழியில் பூஜ்யம் வரை இறங்கும் லூப்பை அன்சைன்டில் எழுதிப் பாருங்கள். பூஜ்யத்தில் 1 குறைத்தால் மைனஸ் 1 வராது, 4,29,49,67,295 வரும். லூப் நிற்கவே நிற்காது. பிட்டுகளைக் கையாள அன்சைன்ட் நல்லது. கழித்தல் வரும் இடத்தில் நான் மைனஸும் ஏற்கும் சைன்ட்தான் போடுவேன்.

கேள்வி: போன் நம்பருக்கு?

பதில்: ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர். அதை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. இன்ட்டில் வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யமும் போய்விடும்.

கேள்வி: டேபிளின் ஐடிக்கு இன்ட் போதாதா அக்கா? லட்சம் வரிசைகூட இல்லை.

பதில்: பிக்இன்ட் போடுங்கள், அது டேபிளில் வைக்கும் 64 பிட் முழு எண். அழித்த வரிசைகளின் ஐடியும், பாதியில் ரத்தான பதிவுகளின் ஐடியும் பெரும்பாலும் திரும்பி வராது. வரிசை குறைவாக இருக்கும்போதே ஐடி எங்கோ போய் நிற்கும். பிறகு டைப்பை மாற்றுவது, ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் பெரிய வேலை. ஒன்று கவனம்: ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண நம்பர் டைப் 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டிய முழு எண்களை எல்லாம் துல்லியமாக வைத்திருக்காது. அவ்வளவு பெரிய ஐடி என்றால் பிரவுசருக்கு ஸ்ட்ரிங்காகவே அனுப்புங்கள்.