மஞ்சளடித்த ஹெட்லைட்டும் மச்சான் கடை இ.எம்.ஐ.யும்

கேள்வி: திண்டுக்கல்லில் தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய். என்னிடம் 2012-ல் வாங்கிய வேகன்ஆர் இருக்கிறது. ஹெட்லைட் இரண்டும் மஞ்சளடித்து மங்கிவிட்டன. நத்தம் பக்கம் ஊரில் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு இரவில்தான் திரும்புவேன். எதிரில் வண்டி வந்தால் சாலை ஓரமே தெரிவதில்லை. சர்வீஸ் சென்டரில் இரண்டையும் மாற்ற 7,800 ரூபாய் கேட்கிறார்கள். கார் ஆக்சஸரீஸ் கடை வைத்திருக்கும் மச்சான், 18,500 ரூபாய்க்கு எல்.இ.டி. புரொஜெக்டர் செட் போடலாம், 12 மாத வட்டியில்லா இ.எம்.ஐ. என்கிறார். அவர் கடையில் வாங்கிய டச் ஸ்க்ரீன், அலாய் வீல், டயர் மூன்றுக்கும் ஏற்கெனவே கார்டில் மாதம் 5,250 போகிறது. அது போக கார்டு பாக்கி 31,000. சில மாதங்களாக மினிமம் டியூ மட்டும் கட்டி வருகிறேன். மனைவிக்கு இது தெரியாது. வங்கி ஆர்.டி.யில் 26,000 இருக்கிறது; மாதம் 2,000 போடுகிறேன். மச்சானிடம் வேண்டாம் என்றால் மனம் கோணுவார். இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் போட்டு மாற்றிக்கொள் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எது சரி?

பதில்: ஹெட்லைட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி வேறு: "மினிமம் டியூ மட்டும் கட்டி வருகிறேன்."

31,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைப்போம். பெரும்பாலான கார்டுகளில் ஏறக்குறைய அதுதான். 1,085 ரூபாய் ஆகிறது. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 195. ஆக, மாதம் 1,280 ரூபாய் எதற்கும் உதவாமல் போகிறது. மங்கிப்போன ஹெட்லைட் இரண்டையும் தேய்த்து, பாலிஷ் போட்டு, கிளியர் கோட் என்னும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு அடித்துத் தர நல்ல பெயின்டர் ஒருவர் கேட்கும் கூலியும் சுமாராக அவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும் அந்தக் கூலியை வங்கிக்குக் கொடுத்துவிட்டு, இருட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பழைய பாக்கி நிற்கும்போது கார்டில் புதிதாக எது வாங்கினாலும் வட்டியில்லாக் கால அவகாசம் கிடையாது; வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மளிகைக்குத் தேய்த்தாலும் அதே கதைதான்.

மச்சான் சொல்லும் 'வட்டியில்லா' இ.எம்.ஐ.யைப் பார்ப்போம். வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி. உங்கள் பில்லில் வரும். பிராசஸிங் கட்டணமும் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், மாதம் 1,540 ரூபாய் கூடுவது. 5,250 உடன் சேர்த்தால் 6,790. சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் காரின் அலங்காரத்துக்கே போனால், 31,000 பாக்கியை எதை வைத்து அடைப்பீர்கள்? டயர் தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அலாய் வீலும் டச் ஸ்க்ரீனும் பதிமூன்று பதினான்கு வயது வண்டிக்கு எதற்கு?

அந்த எல்.இ.டி. செட் விஷயத்தில் எனக்குப் பணத்தைத் தாண்டியும் தயக்கம் உண்டு. உங்கள் வண்டி ஹெட்லைட்டின் உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் எச்4 வகை ஹாலஜன் பல்புக்காக வடிவமைக்கப்பட்டது. பல்பின் இழை எந்த இடத்தில் எரிகிறதோ, அதை வைத்துத்தான் வெளிச்சம் சாலையில் எங்கே விழ வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்குள் கண்ட எல்.இ.டி.யைச் செருகினால் ஒளி சிதறும். எதிரே வருகிறவர் கண் கூசும். உங்களுக்கோ பக்கத்தில் பளிச்சென்றும் தூரத்தில் மங்கலாகவும் இருக்கும். சந்தையில் விற்கும் புரொஜெக்டர் செட்டுகளிலும் ஒளி எங்கே விழுகிறது என்று சோதித்துப் பொருத்துபவர்கள் குறைவு. 2027-ல் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது இது தகராறாகவும் வாய்ப்புண்டு.

முதலில் ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக்கொண்டு வண்டி முன் நில்லுங்கள். விளக்கின் மேல் தண்ணீரை ஊற்றுங்கள். நனைந்திருக்கும்வரை தெளிவாகத் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால், கோளாறு வெளிப்பக்கத்தில் மட்டும்தான். நாம் கண்ணாடி என்று சொன்னாலும் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். கம்பெனியில் அதன் மேல் பூசியிருந்த பாதுகாப்புப் படலம் வெயிலின் புற ஊதாக் கதிரால் தேய்ந்துபோகிறது. அந்த மஞ்சள் அப்படி வருவதுதான். இதற்கு பாலிஷ் போதும். உள்ளே நீர்த்துளி நின்றாலோ, பிரதிபலிப்பானின் வெள்ளி முலாம் உரிந்திருந்தாலோ பாலிஷ் வீண். செட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் 7,800 கொடுப்பதற்கு முன், லூமாக்ஸ் மாதிரி கார் கம்பெனிகளுக்கே விளக்கு செய்து கொடுக்கும் நிறுவனங்களின் செட்டுக்கு உதிரிபாகக் கடையில் விலை கேளுங்கள். பல நேரம் கணிசமாகக் குறையும்.

பெயின்டரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: "வெறும் காம்பவுண்டா (பாலிஷ் பசை), கிளியர் கோட்டும் உண்டா?" 800-ல் தொடங்கி 2000 நம்பர் வரை வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தால் பழைய படலம் முழுக்கப் போய்விடும். அதன் பிறகு யு.வி. தாங்கும் கிளியர் கோட் அடிக்காமல் விட்டால், சில மாதங்களிலேயே வெயில் மறுபடி மஞ்சளாக்கிவிடும். டூத் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பதும் இப்படித்தான், சில வாரப் பளபளப்பு.

பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடாது. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் சோதித்தது: மஞ்சளடித்த விளக்கு புதியதன் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தந்தது, பாலிஷ் போட்டதும் சுமார் 70 சதவீதம் வரை திரும்பியது. உங்கள் நிலையில் அந்த 70 சதவீதத்தை 1,200 ரூபாயில் வாங்குங்கள். 2027-ல் வண்டியை வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்று முடிவான பிறகு புது செட்டைப் பற்றி யோசிக்கலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே செய்யுங்கள். செய்து முடிக்கும்வரை அம்மா வீட்டிலிருந்து வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். நேரமாகிவிட்டால் அங்கேயே தங்குங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது.

ஆர்.டி.யை உடையுங்கள். 26,000 ரூபாய்க்கு அது மாதம் 140 ரூபாய் அளவில் வட்டி தருகிறது. அதே தொகைக்குக் கார்டில் ஆயிரத்துக்கும் மேல் கட்டுகிறீர்கள். அபராதமாகக் கொஞ்சம் பிடித்தாலும் லாபம் உங்களுக்கே. அந்தப் பணம் முழுவதையும் கார்டில் கட்டுங்கள். மிச்சம் ஐந்தாயிரத்துச் சொச்சம், ஆர்.டி.க்குப் போட்டுவந்த 2,000 ரூபாயால் மூன்று மாதத்தில் தீரும். ஓடுகிற மூன்று இ.எம்.ஐ.களை முன்கூட்டி முடிக்க அவசரப்பட வேண்டாம். அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்பார்கள். அவை தானாக முடியட்டும்.

மச்சானிடம் பேசுவதற்கு முன் மனைவியிடம் பாக்கியைச் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், படட்டும். ஆனால் மச்சான் அவருக்குத் தம்பியோ அண்ணனோ, அவரிடம் "கார்டுப் பாக்கி முடியும்வரை எதுவும் வாங்குவதில்லை" என்று உங்கள் மனைவி சொன்னால் அது வீட்டு முடிவு. நீங்கள் மட்டும் சொன்னால் உங்கள் கஞ்சத்தனம். கடனை மறைத்து வைத்திருப்பதால்தான் உங்களால் மறுக்க முடியவில்லை.

கடைசியாக இன்ஷூரன்ஸ். தேய்மானத்துக்கு க்ளெய்ம் கிடையாது. ஆகவே நண்பர் சொல்வதற்கு அர்த்தம், விளக்கை உடைத்துவிட்டு விபத்து என்று சொல்வது. அது மோசடி, செய்யாதீர்கள். கணக்குப்படியும் நஷ்டமே. 7,800-ல் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள்: 3,900. கட்டாயப் பிடித்தம் 1,000 போனால் 2,900. உங்கள் வண்டிக்கு 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாத வருஷங்களுக்காகத் தரும் பிரீமியத் தள்ளுபடி) இருந்து, அந்தத் தள்ளுபடிக்கு முன் சொந்தச் சேதப் பிரீமியம் 5,000 என்றால், அடுத்த வருஷமே 2,500 கூடுதலாகக் கட்டுவீர்கள். பிறகு 20, 25, 35, 45 சதவீதம் என்று படிப்படியாக ஏறி 50-ஐத் தொடுவதற்குள் மொத்தம் 6,250 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கும்.