ரீடிங் 1.2இலிருந்து 12க்குத் தாவுகிறது: என் அல்ட்ராசோனிக் ஃப்ளோமீட்டரில் எங்கே தப்பு?

காதுக்குக் கேட்காத ஒலியைக் குழாய்க்குள் அனுப்பித் தண்ணீரின் வேகத்தை அளக்கும் உங்கள் மீட்டர் ஏன் இப்படித் தாவுகிறது என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்திருக்கும் எண்களிலேயே பாதி பதில் இருக்கிறது. 100 மி.மீ. உள்விட்டம் உள்ள பிவிசி குழாய், 45 டிகிரி சாய்வில் எதிரெதிராக இரண்டு 1 மெகாஹெர்ட்ஸ் சென்சார். ரீடிங் 1.2 மீ/நொடியில் நிற்கிறது, திடீரென்று 12ஐத் தொடுகிறது, சில நேரம் மைனஸ் 10 பக்கம் போய் வருகிறது. "சென்சார் போயிடுச்சா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை. பத்திரமாக எடுத்து வையுங்கள், அது விலை கூடின சாமான்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். 20 டிகிரி தண்ணீரில் ஒலியின் வேகம் சுமார் 1480 மீ/நொடி. உங்கள் சாய்வுப் பாதை 141 மி.மீ., அதைக் கடக்க 95 மைக்ரோ நொடி ஆகும். ஓட்டத்தோடு போகும் ஒலி கொஞ்சம் முந்தி வரும், எதிர்த்துப் போவது கொஞ்சம் பிந்தி வரும். தண்ணீர் 1 மீ/நொடியில் ஓடினால் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 91 நானோ நொடிதான். 1 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலை வந்து முடிய ஆகும் நேரமோ 1000 நானோ நொடி. 1000ஐ 91ஆல் வகுத்தால் 11. இப்போது 1.2உடன் 11ஐக் கூட்டிப் பாருங்கள், கழித்தும் பாருங்கள். 12.2, மைனஸ் 9.8! உங்கள் மீட்டர் சரியாக ஓர் அலை தள்ளி எண்ணுகிறது. இந்தத் தொழிலில் இதற்கு சைக்கிள் ஸ்கிப் என்று பெயர்.

காரணம் உங்கள் கம்பேரேட்டர், அதாவது சிக்னல் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொட்டதும் 'வந்துவிட்டது' என்று சொல்லும் சர்க்யூட். வந்து சேரும் சிக்னல் எடுத்த எடுப்பில் முழு உயரத்தில் வராது. முதல் அலை பொடிசு, அடுத்தது கொஞ்சம் பெரிசு, அப்படி ஏறி, பிறகு தேய்ந்து போகும். மூன்றாவது அலை தொடுகிற உயரத்தில் நீங்கள் கோடு போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குமிழி குறுக்கே போய் சிக்னல் இளைத்தால் மூன்றாவதுக்கு எட்டாது, நான்காவதுதான் தொடும். எதிர்த்துப் போகும் ஷாட்டில் இப்படி நழுவினால் 12, உடன் போகும் ஷாட்டில் நழுவினால் மைனஸ் 10.

நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன்தான். ஒரு சாயப்பட்டறையில் எட்டு இன்ச் லைனுக்கு, நானே ஃபர்ம்வேர் எழுதிய மீட்டரை மாட்டிவிட்டு வந்தேன். ரெண்டாம் நாள் போன்: "சார், மோட்டார் போட்டதும் மீட்டர் பேயாட்டம் ஆடுது." அலைக்காட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு மணி நேரம் கேபிளையும் கிரவுண்டையும் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் நின்ற பம்ப் ஆபரேட்டர் குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "காத்து இழுக்குதுங்க" என்றார். பம்பின் தண்டைச் சுற்றி ஒழுகாமல் அடைக்கும் கிளாண்ட் கயிறு தேய்ந்து, அந்த வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. திரையில் அலை பாதி உயரத்துக்கு இளைத்திருந்தது, நான்தான் அதைக் கவனிக்கவில்லை. கயிறு மாற்றியதும் ஆட்டம் நின்றது. ஆனால் தப்பு என் கோடிங்கில் இருந்தது. கொஞ்சம் காற்றுக்கே கவிழ்கிற மீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அதனால் கோடு போடுவதை விடுங்கள். இரண்டு திசையிலும் வந்த முழு அலைக்கட்டையும் ஏடிசியில், அதாவது சிக்னலை எண்களாக மாற்றும் சிப்பில், பதியுங்கள். ஒன்றை மற்றொன்றின் மேல் நகர்த்தி நகர்த்தி, எங்கே அதிகமாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். கிராஸ் கோரிலேஷன் என்பது இவ்வளவுதான். சிக்னல் இளைத்தாலும் உச்சம் இடம் மாறாது. உங்கள் குழாயில் இன்னொரு வசதியும் உண்டு: தேடலை இருபுறமும் அரை அலைக்குள், அதாவது 500 நானோ நொடிக்குள் அடக்கிவிடலாம். அது 5.5 மீ/நொடி வரை தாங்கும், உங்கள் பம்ப் அதைத் தாண்டப் போவதில்லை. 300 மி.மீ. குழாய் என்றால் இந்தக் குறுக்குவழி செல்லாது, 1.8 மீ/நொடியிலேயே அரை அலை தீர்ந்துவிடும். அங்கே அலைக்கட்டின் வெளிவடிவத்தை வைத்து எந்த அலை என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து உங்களைக் கடிக்கப் போவது சாம்பிளிங். 10 மெகாஹெர்ட்ஸ் ஏடிசி என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சாம்பிளுக்கு நடுவே 100 நானோ நொடி, அதாவது 1.1 மீ/நொடி. உச்சத்தை மட்டும் எடுத்தால் ரீடிங் படிக்கட்டு மாதிரி ஏறும். உச்சமும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளும் சேர்த்து மூன்றின் வழியே ஒரு பரவளைவு வரையுங்கள். அதிலும் 7 மி.மீ./நொடி வரை பிழை மிஞ்சும். பரவளைவுக்குப் பதில் கொசைன் வளைவைப் பொருத்தினால் அதுவும் கிட்டத்தட்டப் போய்விடும், அதே மூன்று புள்ளிகளே போதும்.

சூத்திரத்தில் ஒலிவேகத்தை 1480 என்று நிலையாகப் போட்டிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள். தண்ணீர் காலையில் 25 டிகிரி, மதியம் 35 டிகிரி என்றால் ஒலிவேகம் 1497இலிருந்து 1520க்கு ஏறும். சூத்திரத்தில் அது இருமடியாக வருவதால் 3 சதவீதம் காணாமல் போகும். இரண்டு நேரங்களின் தலைகீழ்களைக் கழித்து, பாதை நீளத்தால் பெருக்கி, சாய்வுக் கோணத்தின் கொசைனின் இருமடங்கால் வகுத்தால் ஒலிவேகம் தானாகவே அடிபட்டுப் போகும். இந்த முறையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

டாப்ளர் போட்டால் சுலபமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அது தண்ணீரோடு நகரும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியை வைத்து வேகம் அளக்கும் முறை. உங்கள் சுத்தத் தண்ணீரில் ஒலியை எதிரொலிக்க எதுவும் இல்லை. ரத்தத்தில் சிவப்பணுக்கள் இருக்கின்றன, சாக்கடையில் சேறு இருக்கிறது, அங்கே அது ராஜா. இங்கே வேண்டாம்.

எல்லாம் மாற்றிய பிறகு, குழாயை நிரப்பி இரு பக்க வால்வையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பூஜ்யம் வராமல் ஒரே அளவில் நின்றால் அதைக் கழித்துவிடலாம். நகர்ந்துகொண்டே போனால் இரண்டு சென்சாருக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயரைத்தான் சுவிட்ச் போட்டுப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். தனித்தனி என்றால் அங்கேதான் வேலை பாக்கி.