கைவேலைக் கேள்விகள்: ஈரத் தோலும் கத்திரி உறையும்

(புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 22 வருடமாகத் தோல் வெட்டித் தைக்கும் வாசகி ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

அக்கா, எனக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது. கவாத்துக் கத்திரியை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ள ஒரு தோல் உறை செய்தேன். தோலை ராத்திரி முழுக்க வாளியில் ஊறவைத்து, கத்திரி மேல் வைத்து அழுத்தி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். முதலில் நன்றாகப் படிந்திருந்தது. இரண்டே நாளில் தொளதொள என்று ஆகிவிட்டது. எங்கே தப்பு?
— வாசகர், பண்ருட்டி

தம்பி, நீங்கள் வாங்கியது குரோம் தோலாக, அதாவது குரோமிய உப்பில் பதனிட்ட தோலாக இருக்கும் என்று நினைக்கிறேன். மீந்துபோன துண்டின் வெட்டு ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் அதுதான். பைக்கும் செருப்புக்கும் விற்கிற தோலில் பெரும்பகுதி இந்த வகை. எவ்வளவு அழுத்தினாலும் அது பழைய நிலைக்கே திரும்பும்.

உறைக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். கடையில் ‘வெஜ் டேன்’ என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பக்கம் ஆவாரம் பட்டையில் பதனிட்டார்கள், கடைசியில் கடுக்காயும் சேர்ப்பார்கள். இப்போது பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சட்டென்று உறிஞ்சிக் கறுக்கும். ஈரத்தில் அதன் நார்கள் நகர்ந்து கொடுக்கும், காய்ந்தால் நகர்ந்த இடத்திலேயே இறுகிவிடும். உறை செய்வதன் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது. உங்கள் கத்திரிக்கு 3 மில்லிமீட்டர் கனம் போதும்.

முதலில் வெட்டித் தைத்துவிட்டு அப்புறம் நனையுங்கள். தையல் கோட்டைக் கத்திரியின் ஓரத்தை ஒட்டிப் போட்டுவிடாதீர்கள். கத்திரியின் கனத்தில் பாதியும் தோலின் கனமும் சேர்ந்த அளவு தள்ளிப் போட்டால்தான் கத்திரி உள்ளே போகும். அலகு வருகிற பக்கம் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு தோல் பட்டியையும் வைத்துத் தையுங்கள். இல்லாவிட்டால் அலகு என்றாவது ஒருநாள் நூலை அறுத்துவிடும்.

ராத்திரி முழுக்க ஊறவைக்கவே வேண்டாம். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்குங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். அது நின்றதும் எடுத்துவிடலாம், ஓரிரு நிமிடம்தான் ஆகும். கொதிக்கிற தண்ணீர் பக்கம் போகவே போகாதீர்கள், தோல் அப்பளம் போலச் சுருண்டுவிடும். எடுத்ததும் உடனே அழுத்தாமல் துண்டில் சுற்றி வையுங்கள். மேல்பக்கம் பழைய நிறத்துக்குத் திரும்ப ஆரம்பித்து, தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். நான் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். அதற்கு முன்னால் அழுத்தினால் தண்ணீர் பிதுங்குமே தவிர வடிவம் நிற்காது.

கத்திரியைப் பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி உள்ளே விடுங்கள். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள். ஈரத் தோலில் ஒரு நகக்கீறல் விழுந்தால் அது கடைசி வரை போகாது. முதலில் கட்டைவிரலால் மொத்த உருவத்தையும் வரவழைத்து, அப்புறம் கரண்டியின் பின்பக்கத்தால் விளிம்புகளைத் தேயுங்கள். நடு ஆணி இருக்கும் இடத்தில் நன்றாகப் பதியுங்கள். குனிந்து நிமிரும்போது கத்திரி விழாமல் பிடித்திருப்பது அந்தப் பள்ளம்தான்.

காயவைப்பது வீட்டுக்குள், ஃபேன் காற்றில். வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து கறுத்து, மடிப்பில் வெடிக்கும். வடிவம் நின்றதும் கத்திரியை உருவிவிட்டால் உள்ளேயும் காற்று போகும். நம் கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள்கூட ஆகும். அவசரப்பட்டு ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சைதான். நன்றாகக் காய்ந்தபின் தேன்மெழுகைக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் உருக்கி, ஆறவைத்து, மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு. எண்ணெய் மிஞ்சினால் தோல் மறுபடி தளர்ந்துவிடும்.

அக்கா, நனைத்த தோலில் இரும்பு கிளிப் போட்டேன். கிளிப் பட்ட இடமெல்லாம் மசி மாதிரி கறுப்பு. போகுமா?
— கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

மசி மாதிரி என்று சரியாகச் சொன்னாய் அம்மா. கடுக்காயோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சுவார்களே, அதேதான் இது. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் துருப்பிடித்த ஒரு கத்தியைச் சுற்றாமல் உள்ளே விட்டு, ஒரு முழு உறையை நான் வீணாக்கியிருக்கிறேன். யாரும் திட்டவில்லை, ஆனால் அந்தத் தோலுக்காக இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றிப் பார், புதுக்கறை பெரும்பாலும் வெளுக்கும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்துவிடு. முதலில் ஒரு வெட்டுத்துண்டில் பார்த்துக்கொள். இனிமேல் மரக் கிளிப் போடு.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். உரிமம் உள்ள என் ரிவால்வருக்கு நானே உறை செய்ய ஆசை. துப்பாக்கியையே உள்ளே வைத்துத் தோலை அழுத்தலாமா? இரவிலும் உறையிலேயே வைத்திருக்கலாமா?
— வாசகர், கடலூர் முதுநகர்

இரண்டும் வேண்டாம் ஐயா. தச்சரிடம் அதே அளவில் ஒரு மரப் பிரதி செய்து வாங்கி, அதன் மேல் படிய வையுங்கள். தண்ணீரும் இரும்பும் சேராது, வேலை நடுவில் கை எங்கே படுகிறது என்ற கவலையும் இல்லை. விசை இருக்கும் வளையத்தைத் தோல் முழுக்க மூடியிருக்க வேண்டும், விரலோ துணியோ உள்ளே நுழைய இடமே இருக்கக் கூடாது. தோல் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள், வாய்ப்பகுதியில் இன்னொரு அடுக்கு தைத்தால் துப்பாக்கியை எடுத்தபின் வாய் சரிந்து மூடாது. இரவில் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டுத் தனியாகப் பூட்டி வையுங்கள். தோல் கடற்காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பட்டையின் புளிப்பும் அதில் இருக்கும். உறையிலேயே கிடந்தால் துரு பிடிக்கும், தோட்டாவின் பித்தளையில் பச்சை பூக்கும்.