மூடிய குடுவைத் தோட்டம்: வாசகர் கடிதங்களும் பதில்களும்

செடி வளர்க்கும் மூடிய கண்ணாடிக் குடுவையை வடக்கு ஜன்னலில் வைக்கச் சொன்ன புத்தகத்தை நம்பி வைத்தேன். உள்ளே இருந்த ஃபிட்டோனியா (இலையில் நரம்புக் கோடு தெரியும் சின்ன நிழல்செடி) முழுக்கக் கருகிவிட்டது. (சாட்ஸ்வொர்த்)

அது ஐரோப்பாவுக்காக எழுதிய புத்தகம். நம் தென்னாப்பிரிக்காவில் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகிறது. குளிர்காலமான ஜூன், ஜூலையில் டர்பன் வீடுகளில் வடக்கு ஜன்னல் வெயில் அறையின் உள்வரை வரும். மூடிய கண்ணாடிக்குள் நேர்வெயில் அரை மணி பட்டாலே இலை வெந்துவிடும். தெற்கு ஜன்னலில் ஒரு முழம் தள்ளி வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் காலையிலும் மாலையிலும் அங்கேயும் சாய்வெயில் விழும். அப்போது மெல்லிய திரை போதும். கருகிய இலைகளை வெட்டி வெளியே எடுங்கள். தண்டு பச்சையாக இருந்தால் மூன்று, நாலு வாரத்தில் துளிர்க்கும்.

செடி வாடுகிறது. என்ன செய்ய? (ஃபீனிக்ஸ்)

என்ன செடி, எத்தனை லிட்டர் குடுவை, கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள்? ஒன்றுமே எழுதவில்லையே! மண்ணில் விரல் வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தும் வாடினால் வேர் அழுகல். காய்ந்திருந்தால் தாகம். இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர், அதனால் ஊகித்துச் சொல்ல மாட்டேன். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

நாள் முழுக்கக் கண்ணாடியில் நீர் கோத்து நிற்கிறது, செடியே தெரியவில்லை. (லெனேசியா)

தண்ணீர் அதிகம். மூடியை ஒரு நாள் திறந்து வைத்து, உள்சுவரைத் துணியால் துடைத்துப் பிறகு மூடுங்கள். தேவைப்பட்டால் இதையே இன்னொரு நாளும் செய்யலாம். காலையில் ஒரு பக்கம் மட்டும் பனி படிந்து, பத்து மணிக்குள் கலைந்தால் அளவு சரி. பனியே இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி ஒரு வாரம் பொறுங்கள். குடுவைக்கு அடியில் ஓட்டை கிடையாது. ஊற்றிய தண்ணீர் வெளியே போக வழியில்லை. உங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கக் குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடி இரவில் சில்லிடும் என்பதால், மாலையில் குடுவையை அறையின் உட்பக்கம் நகர்த்துங்கள். ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

மாங்காய் ஊறுகாய் ஜாடி, பிராய்க் கரி (இறைச்சி சுடும் அடுப்புக் கரி), கடற்கரை மணல் மூன்றும் வீட்டில் இருக்கின்றன. போதுமா? (டொங்காட்)

ஜாடி சரி, கை நுழையும் வாய் இருந்தால். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, வினிகரால் அலசி, இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் ஊறுகாய் வாசனை போகாது, அதை மாற்றிவிடுங்கள். கரி, மரத்தைச் சுட்ட கட்டிக் கரியாக இருந்தால் இடித்து ஒரு கைப்பிடி போடலாம். அச்சில் வார்த்த பிரிக்கெட் கூடாது; அதில் பசையும் வேறு சேர்மானமும் இருக்கும். கடல் மணலில் உப்பு. தொடவே வேண்டாம்.

குடுவைக்கான மண்கலவை: தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, பெர்லைட் (மண்ணை இளக்கும் வெள்ளை லேசான துகள்) ஒரு பங்கு, பொடியான பைன் பட்டை ஒரு பங்கு. பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வடியும் ஈரம் போதும். அடியில் போடும் இரண்டு விரல் கூழாங்கல் தண்ணீரை வடித்துவிடாது. மிஞ்சிய நீர் தேங்குவதைக் கண்ணுக்குக் காட்டும், அவ்வளவுதான்.

கடையில் மூடியோடு வாங்கிய குடுவையில் ஹவார்த்தியாவும் சின்ன ஸ்பெக்பூமும் இருந்தன. ஆறு வாரத்தில் அடித்தண்டு கறுத்துக் குழைந்துவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன்? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. விற்றவர் செய்தார். இதே கடிதம் வேறு வேறு ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, படிக்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. ஸ்பெக்பூம் கிழக்கு கேப் மாகாணத்தின் வறண்ட புதர்க்காட்டுச் செடி. ஹவார்த்தியா பாறை இடுக்கில் வளர்வது. மழை இல்லாத மாதங்களுக்காக இலையிலேயே தண்ணீரைச் சேமித்து வைக்கும் சதைச்செடி இனங்கள் இவை. மூடிய குடுவையில் காற்று எப்போதும் நீராவியால் நிறைந்திருக்கும். இலை நீரை வெளியேற்ற முடியாது, மண்ணும் காயாது. காற்றுக் கிடைக்காத வேர் முதலில் அழுகும், அழுகல் தண்டில் ஏறும். சேமித்த நீரில் இலை மட்டும் நாலைந்து வாரம் கொழுகொழுவென்று இருக்கும். அதனால்தான் கடையில் அழகாகத் தெரிகிறது, வீட்டுக்கு வந்தபின் சாகிறது, வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொள்கிறார்.

மிச்சத்தைக் காப்பாற்றலாம். கறுப்புக்கு மேலே, வெட்டுமுகம் சுத்தமாகத் தெரியும் இடத்தில் கூரிய கத்தியால் வெட்டுங்கள். நிழலில் நாலைந்து நாள் காய விடுங்கள். பாதி கரடான ஆற்று மணல், பாதி தொட்டி மண் கலந்து, ஓட்டையுள்ள மண்தொட்டியில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். திறந்த தொட்டி, நல்ல வெளிச்சம்.

வாங்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: நர்சரியில் பெருக்கிய செடியா, காட்டில் பிடுங்கியதா? வடக்கு கேப், மேற்கு கேப் பகுதிகளில் சின்னஞ்சிறு சதைச்செடிகளைத் திருடி விற்பது பெரிய கொள்ளையாகிவிட்டது. பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.

மூடிய குடுவைக்கு ஈரம் பிடிக்கும் சின்னச் செடிகளான ஃபிட்டோனியா, செலாஜினெல்லா (பாசிபோலப் படரும் செடி), சிறு பெரணி, குட்டைப் பெப்பரோமியா போடுங்கள். கொடி அத்தி அழகுதான், ஆனால் மாதம் ஒருமுறை கத்தரிக்காவிட்டால் மற்றவற்றை மூடிவிடும்.

உரம் எவ்வளவு? (டர்பன்)

முதல் வருஷம் வேண்டாம். பிறகு வருஷத்துக்கு ஒரு முறை, பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு.

மரத்துண்டில் வெள்ளைப் பூஞ்சணம், மண்ணில் துள்ளும் வெள்ளைப் புள்ளிகள். மருந்து அடிக்கவா? (ஃபீனிக்ஸ்)

அடிக்காதீர்கள். அந்தத் துள்ளும் பூச்சிதான் பூஞ்சணத்தைத் தின்கிறது. கண்ணில் பட்ட பூஞ்சணத்தை மட்டும் துடைத்தெடுத்து, ஒரு மாதம் விடுங்கள்.